நாலாவது சக்கரம்

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் என் வாயைத்தான் சொல்வார்கள். அடுத்ததாக என் உயரத்தை. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. என் வீட்டுக்காரர் ஆறடி. கல்யாணமான புதிதில் நாங்கள் சேர்ந்து நடந்தால், “நெட்டையும் குட்டையும் போகுது பாரு” என்று தெருப் பிள்ளைகள் கத்துவார்கள். நான் திரும்பி நின்று நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். அவர் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விடுவார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் நெட்டை மெக்கானிக், நான் நெட்டையர் வீட்டம்மா.

மாடியில் நாங்கள், கீழே கார் ஷெட். ஷெட் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கார் நிற்கும். இரண்டாவது காரிலிருந்து இறங்குகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். கூரை ஒன்பதரை அடி. குடியிருக்க அது தாராளம், காரைத் தூக்கி நிறுத்தப் போதாது. அதனால் அவர் காலமெல்லாம் ஜாக்கி போட்டு, தரையில் அட்டை விரித்துப் படுத்துத்தான் வேலை பார்த்தார்.

நான் வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை. ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு, பேட்டரி, வயரிங் எல்லாம் எனக்கு அத்துப்படி. காருக்கு அடியில் போக மட்டும் என்னை விடமாட்டார். ஒரு தடவை அவர் படுத்திருந்தபோது ஜாக்கி வழுக்கி, கார் இறங்கிவிட்டது. கழற்றிய ஒரு சக்கரத்தை அவர் பக்கத்தில் காருக்கு அடியிலேயே படுக்கப் போட்டிருந்ததால் அதன்மேல் உட்கார்ந்தது, அவர் நெஞ்சில் உட்காரவில்லை. நான் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. அவர் வெளியே ஊர்ந்து வந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, “செத்தா போயிட்டேன், விடு” என்றார். அன்றிலிருந்து நான் குனிந்து எட்டிப் பார்த்தால்கூட அவருக்குப் பொறுக்காது.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பதற்கு மட்டும் நான் இல்லாமல் முடியாது. அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் அடியிலிருந்து, சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சின்னத் திருகைத் திறந்து, காற்றுக் குமிழோடு வரும் ஆயிலைக் குழாய் வழியாகப் பாட்டிலில் பிடித்து மூட வேண்டும். தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து, ஓட்டுகிறவரின் காலடியில் இருக்கும் சக்கரத்தில் முடிப்போம். கத்தினால் சரியாகக் கேட்காது என்பதால் தட்டுதான் எங்களுக்குப் பாஷை. அடியிலிருந்து ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மிதி. இரண்டு தட்டு என்றால் காலை எடு. மூன்று தட்டு எந்த ஷெட்டிலும் கிடையாது, எங்கள் ஷெட்டில் மட்டும் உண்டு. அதற்கு டீ கொண்டு வா என்று அர்த்தம். வேலை நடுவில் வேண்டுமென்றே மூன்று தட்டுவார். “என் கால் ரெண்டும் உங்க பிரேக்ல இருக்கு, டீயை யார் போடுறது?” என்று மேலிருந்து நான் கத்துவேன். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

அந்தச் சிரிப்பு இருமலாக மாறியதை நான்தான் முதலில் கவனித்தேன். பிறகு படுத்தால் மூச்சு வாங்கியது. பிறகு படுக்கவே முடியவில்லை, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூக்கம். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, நுரையீரல் படத்தைக் காட்டி, இனிமேல் சரிசெய்ய ஒன்றும் இல்லை, கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, “டாக்டர் சின்னப் பையன். என்னமோ சொல்றான்” என்றார். சரி, இந்த மனுஷன் நம்பவில்லை, நம்பாமலே இருக்கட்டும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து டேப்பை எடுத்துக்கொண்டு கூரையை அளந்தார்.

“என்ன பண்றீங்க?”

“படுத்தாத்தானே மூச்சு வாங்குது? நின்னுக்கிட்டு வேலை பார்த்தா வாங்காதுல்ல? லிஃப்ட் ஒண்ணு பழசா பார்க்கலாம்னு இருக்கேன்.”

“ஒன்பதரை அடியில எந்த லிஃப்டை நிறுத்துவீங்க? அப்படியே நிறுத்தினாலும் நீங்க என்ன, தலையைக் கழட்டி வச்சுட்டா வேலை பார்ப்பீங்க?”

“தூணுக்கு மேல குறுக்குச் சட்டம் இல்லாத லிஃப்ட் இருக்கு. தாழ்ந்த கூரைக்குன்னே பண்ணது. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிறேன். நீ ஏன் சலிச்சுக்கிற?”

இருக்கிற கொஞ்ச காலத்துக்கு ஒரு ஆசை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் நாத்தனாருக்குத்தான் விஷயம் பிடிக்கவில்லை. அவருடைய ஒரே தங்கை. ரெண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஆளும் பெரிது, மனசும் பெரிது, குரல் எல்லாவற்றையும்விடப் பெரிது. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லாததால் என்னையும் அவள் பொறுப்பில் சேர்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்கு என்னை இழுத்துப் போய்க் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசு வாசல்வரை கேட்கும்.

“அண்ணி, இருக்கிற சாமானையே நாளைக்கு விக்கணும். இதுல புதுசா இன்னொண்ணா? அண்ணனுக்கு அப்புறம் நீங்க எங்க வீட்டுக்கு வந்துடப் போறீங்க. பின்பக்க ரூமை ஒழிச்சு வச்சுட்டேன். கட்டில்கூடப் போட்டாச்சு.”

அவள் நல்லதுதான் நினைத்தாள். ஆனால் அந்தப் பின்பக்க ரூமை நான் பார்த்திருக்கிறேன். அங்கே போனால் காலையில் எழுந்து, அவள் கொடுக்கிற டீயைக் குடித்து, அவள் போடுகிற டீவியைப் பார்த்து, அவள் பேரப்பிள்ளைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்கார வேண்டும். உப்புக்குச் சப்பாணியாக மீதிக் காலம் முழுக்க. “அண்ணன் இன்னும் உயிரோடதான் இருக்காரு. கட்டிலை மடிச்சு வை” என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் என் வாய் அப்படி.

லிஃப்ட் விற்கிறவர் ஊருக்கு வெளியே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வீட்டுக்குள்கூடத் தொப்பியைக் கழற்றாத ஆள் என்பதால் அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பெயர். உயரமான கொட்டகைக்கு மாறப் போகிறார், பெரிய லிஃப்ட் வாங்கிவிட்டார், பழையது இன்னும் பழைய இடத்திலேயே நின்றது. இரண்டு தூண், நாலு கை, ஒரு மோட்டார். எங்களுக்குக் காட்டுவதற்காக ஒரு சின்னக் காரை அதன் கைகளுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து நடந்து வந்ததிலேயே களைத்துப் போய், ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை ஏவினார்.

“அந்த வயர் கயித்தைத் துணியால மேலேருந்து கீழ வரைக்கும் துடை. துணி எங்கயாவது மாட்டுதா பாரு. மாட்டினா உள்ள இழை அறுந்திருக்கும்.”

துடைத்தேன். மாட்டவில்லை.

“ஏறின காரைப் பிடிச்சு நிறுத்துற லாக் பல்லைத் தடவிப் பாரு. ஒரே மாதிரி இருக்கா, மழுங்கியிருக்கா?”

“ஒரே மாதிரிதான் இருக்கு.”

“சிலிண்டர் அடியில?”

“காஞ்சுதான் கிடக்கு. ஒழுகல.”

தொப்பிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “மெக்கானிக் யாருன்னே தெரியலையே அண்ணே. கடுகு சிறுத்தாலும் காரம் போகலை.”

“காரத்தை இன்னும் நீங்க பார்க்கல. விலை பேசறப்போ தெரியும்” என்றேன். ஏன் என்னையே எல்லாம் பார்க்கச் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. எழுந்திருக்க முடியாமல்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு அவர் பையிலிருந்து டேப்பை எடுத்துத் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னார். எங்கள் கூரைக்கு இந்தக் கார் அந்தக் கோடுவரைதான் ஏறும். தொப்பிக்காரர் மோட்டாரைப் போட்டார். லாக் பற்கள் டக், டக் என்று விழ, கார் ஏறிக் கோட்டில் நின்றது.

“ஏய் குட்டை, அடியில போய் நில்லு.”

போய் நின்றேன். அவர் டயரிலிருந்து எழுந்து, மெதுவாக நடந்து வந்து, முதுகை வளைத்துக் குனிந்து என் பக்கத்தில் வந்தார். என் கொண்டைக்கும் காருக்கும் நடுவே கையைத் தட்டையாக நுழைத்துப் பார்த்தார். அவர் கை நன்றாகவே நுழைந்தது.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்றார் தொப்பிக்காரர். “வியாபாரம் போனாலும் பரவால்ல, சொல்லிடறேன். உங்க உயரத்துக்கு இது ஆகாது. இப்பவே பாதியா மடங்கி நிக்கிறீங்க. நாள் பூரா எப்படி நிப்பீங்க?”

“எனக்கு இல்லப்பா. இவளுக்கு” என்றார் அவர். “கொண்டையோட சேர்த்து நாலு விரல் இடம் இருக்கு. போதும்.”

துணியை அங்கேயே போட்டுவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். எந்தப் பக்கம் நடக்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது, அதில் போய் உட்கார்ந்தேன். அவர் வந்து சேர ரொம்ப நேரம் ஆனது. இரண்டு முறை நின்று நின்று வந்ததைப் பார்த்தும் நான் எழுந்து போய்க் கை கொடுக்கவில்லை. அவ்வளவு கோபம்.

“யார் கேட்டா உங்ககிட்ட?” என்றேன். “எனக்கு லிஃப்ட் வேணும்னு நான் கேட்டேனா? நீங்க நின்னு வேலை பார்க்கப் போறீங்கன்னு நம்பி, கையில துணியைப் பிடிச்சுக்கிட்டுப் பைத்தியக்காரி மாதிரி துடைச்சுக்கிட்டிருந்தேனே!”

“நான் அப்படிச் சொல்லலேன்னா நீ வந்திருப்பியா?”

“வந்திருக்க மாட்டேன்.”

“அதான்.”

“டாக்டர் சின்னப் பையன், என்னமோ சொல்றான்னீங்களே?”

“நீ ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுக்கிட்டிருந்த. வேற என்ன சொல்றது?” மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். “இத பாரு. உனக்கு எல்லா வேலையும் தெரியும். என்னைவிட வயரிங் நல்லாத் தெரியும். அடியில மட்டும்தான் உன்னை நான் விடல. நான் போனப்புறம் நீ விடுவியா? மறுநாளே அட்டையை விரிச்சு அடியில போயிடுவ. எனக்குத் தெரியாதா உன்னை? அந்த ஜாக்கியை நம்பி உன்னை விட்டுட்டு என்னால போக முடியாதுடி.”

“அப்ப போகாதீங்க” என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், இரண்டு பஸ் வந்து போகும்வரை நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெரிய முதுகில் எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது. “உன் நாத்தனார் வீட்டுப் பின்பக்க ரூம்ல நீ இருந்துடுவியா?” என்று கேட்டார். மாட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன். “இருக்க மாட்ட. அங்க போனா ஒண்ணு அவ இருப்பா, இல்ல நீ இருப்ப” என்றார்.

அவரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அன்றைக்கு என்னிடம் விலை பேச மாட்டிக்கொண்டது தொப்பிக்காரரின் கெட்ட நேரம். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் முடித்துவிட்டேன். ஏற்றி வந்து, தூண் நிறுத்தி, போல்ட் முடுக்கித் தருவதும் அவர் பொறுப்பு என்றேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். நான் அழுதுகொண்டே பேரம் பேசுகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் ஷெட்டின் பழைய தரை அந்தத் தூண்களைத் தாங்காது. இரண்டு இடத்தில் உடைத்து, ஆழமாகத் தோண்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுகுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் விட வேண்டும், அவசரப்பட்டால் போல்ட் பிடுங்கிக்கொள்ளும் என்றார் கொத்தனார். ஒரு மாதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அதன்பிறகு அவர் தினமும் காலையிலும் மாலையிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓஸ் பைப்பால் அந்த இரண்டு சதுரத்துக்கும் தண்ணீர் விடுவார். “செடியா முளைக்கப் போகுது?” என்று கேட்பேன். “முளைக்கும் பாரு, ரெண்டு தூண் முளைக்கும்” என்பார். படி இறங்குகிற நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. நான் அடுப்படியில் நின்று அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்தப் படியில் நிற்கிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

தூண் முளைத்தது. தொப்பிக்காரர் சொன்ன சொல் தவறாமல் வந்து நிறுத்திக் கொடுத்தார். கார் ஏறிக் கூரையில் இடித்துவிடாமல் இருக்க என் வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். கார்க் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியுமே, அந்தச் சின்னச் சுவிட்சை ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றி, கம்பியில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். காரின் உச்சி அதைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும். வயரிங் நான் செய்தேன், அவர் நாற்காலியிலிருந்து நொட்டை சொன்னார்.

இவ்வளவும் செய்துவிட்டு முதல் வாரமே நான் கோட்டைவிட்டேன். மெக்கானிக் வீட்டில் கார் உள்ளே வந்த உடனே கை தானாகப் பானெட்டைத் திறக்கும். இருபது வருஷப் பழக்கம். பானெட்டைத் திறந்தபடியே லிஃப்டை ஏற்றிவிட்டேன். சுவிட்ச் காரின் நடு உச்சிக்கு மேலே தொங்குகிறது, அதைத் தொடும் முன்பே பானெட் போய்க் கூரையில் மடாரென்று இடித்தது. கூரைப் பெயிண்ட் உதிர்ந்து என் தலையில் விழுந்தது. திட்டப் போகிறார் என்று பார்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஊர்ல எந்த வீட்டம்மாவும் பண்ண முடியாத தப்புடி இது” என்றார். பிறகு சிவப்புப் பெயிண்டை எடுத்து வரச் சொல்லி, என் கண் மட்டத்துக்குத் தூணில் ‘பானெட்’ என்று எழுதினார். கடைசி எழுத்துக்குள் மூச்சு வாங்கிவிட, அது கோணிக்கொண்டது. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் கார் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடையது. வளைந்த பானெட்டைத் தட்டி நிமிர்த்திக் கொடுப்பதோடு, பிரேக்கையும் பார்க்க வேண்டியிருந்தது. பேடு மாற்றி, பைப் மாற்றி, கடைசியில் காற்று எடுக்க வேண்டும். யாராவது சீட்டில் உட்கார வேண்டும்.

“நான் உட்கார்றேன்” என்றார்.

“ஆளை வச்சு லிஃப்டை ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே ஆயிரம் தடவை சொன்னீங்க?”

“மத்தவங்களுக்குச் சொன்னது. உன் கையில ஏறாம வேற யார் கையில ஏறப் போறேன்? சக்கரம் நாலுதானே, பண்ணிடலாம்.”

பிடித்து உட்கார வைத்தேன். அந்த நீளக் காலை மடக்கி உள்ளே வைக்கவே சிரமமாக இருந்தது. பொத்தானை அழுத்தினேன். இவ்வளவு காலம் அடியில் இருந்தவர் மேலே போனார். மேலே இருந்தவள் அடியில் போய் நின்றேன். குனியவில்லை. நிமிர்ந்து நின்றே வேலை செய்ய முடிந்தது.

தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தேன். ஒரு தட்டு. மிதித்தார். திருகைத் திறந்தேன், குழாயில் ஆயில் சீறி வந்தது, குமிழ் குமிழாகக் காற்று போனது. மூடினேன். இரண்டு தட்டு. காலை எடுத்தார். அடுத்த சக்கரம் வந்தபோது சீறல் இல்லை, மெதுவாக ஓடிவந்தது. இறக்கி, ஆயில் ஊற்றிக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. “போதும், இறங்குங்க” என்றேன். “பாதியில விட்டா பிரேக் பிடிக்காது, ஏத்து” என்றார். மறுபடி ஏற்றினேன். மூன்றாவது சக்கரத்தில் ஆயில் நூல் மாதிரி வந்தது. அவர் காலில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் குழாய் சொன்னது. நான் தட்டினேன், அவர் மிதித்தார், நான் அழுதுகொண்டே திருகைத் திறந்து மூடினேன்.

நாலாவது சக்கரம் அவர் காலுக்கு நேர்கீழே. ஒரு தட்டு தட்டினேன். ஆயில் வரவில்லை. இன்னொரு முறை தட்டினேன். வரவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் லாக்கை விடுவித்தேன். அந்தப் பாழாய்ப்போன லிஃப்ட் ஆற அமர இறங்கியது. வாழ்க்கையில் எந்தச் சாமானையும் நான் அப்படித் திட்டியதில்லை. கதவைத் திறந்தேன். கால் பிரேக்கின் மேல் இருந்தபடியே, தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வந்துகொண்டிருந்தது.

“உயிரே போயிடுச்சு எனக்கு!” என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். “நாலாவது நாளைக்குப் பார்க்கலாமா?” என்றார்.

“பார்க்கலாம்” என்றேன்.

மறுநாள் விடியும் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆகிவிட்டது. மூக்கிலும் வாயிலும் மாஸ்க் போட்டிருந்ததால் பேச முடியவில்லை. நாத்தனார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மத்தியானம் போல, விரல் மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

“என்ன அண்ணி, என்ன வேணுமாம்?” என்றாள் நாத்தனார்.

“டீ” என்றேன்.

அவரால் குடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போனேன். கேட்டால் போட்டுக் கொடுக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. கீழே கடையில் வாங்கிக்கொண்டு, படியில் சிந்தாமல் ஏறி வந்தேன். வாசலிலேயே நாத்தனாரின் அழுகுரல் கேட்டுவிட்டது. டீயும் கையுமாக நின்றேன். யார் அதை என் கையிலிருந்து வாங்கினார்கள் என்று நினைவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, நாத்தனார் என் துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்க, நான் பின்னால் இறங்கினேன். ஷெட்டில் வாத்தியாரின் கார் நின்றுகொண்டிருந்தது. பாவம், அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று சக்கரம் முடிந்து ஒரு சக்கரம் மிச்சம்.

“இப்படி விட்டுட்டு வர முடியாது” என்றேன். “வண்டியில உட்காரு.”

“யாரு, நானா? ஐயையோ அண்ணி, எனக்குப் பிரேக்கும் தெரியாது, பிரியாணியும் தெரியாது!”

“ஒரு தட்டு தட்டினா மிதி. ரெண்டு தட்டினா காலை எடு. உங்க அண்ணன் பாதியில விட்டுட்டுப் போன வேலை.”

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்பை மூச்சுத் திணறத் திணற உள்ளே திணித்துக்கொண்டாள். தூணில் எழுதியிருந்ததைப் பார்த்து, பானெட் மூடியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். பொத்தானை அழுத்தியதும் ஊரே கேட்கும்படி அலறினாள். சுவிட்ச் தொட்டது. மோட்டார் நின்றது.

அடியில் போய் நின்றேன். ஒரு தட்டு. நாத்தனாருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலமோ, மிதித்த மிதியில் ஆயில் பீய்ச்சிக்கொண்டு பாட்டிலுக்கு வெளியே சிதறியது. குமிழ் போனது. மூடினேன். இரண்டு தட்டு. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. கடைசியில் ஒரு குமிழ்கூட இல்லாமல் சுத்தமாக வந்தது. திருகை இறுக்கினேன். பிரேக் பிடித்துவிட்டது.

திருகிலிருந்து கையை எடுத்தேன். என் கொண்டை எதிலும் இடிக்கவில்லை. கையைத் தூக்கி நுழைத்துப் பார்த்தேன். கொண்டைக்கும் காருக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. அவர் கை வைத்து அளந்த இடம்.

“அண்ணி, முடிஞ்சுதா?” என்று மேலிருந்து குரல் வந்தது. “பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாமா?”

“பையை மாடியில கொண்டுபோய் வச்சுடு. நான் வரல.”

“என்ன சொல்றீங்க? முதல்ல என்னை இறக்குங்க அண்ணி, பேசிக்கலாம். அண்ணி?”

நான் இறக்கும்வரை அவளால் இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் அங்கேயே, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, குனியாமல் நிமிர்ந்து நின்றபடி, வேண்டிய மட்டும் அழுதேன்.